மலையடிவாரத்தில் கல்வீடு, தோப்போடு விலைக்கு!

"கருங்கல் வீடு. பழைய காலத்துக் கட்டடம். சுற்றிலும் மாமரம், புளியமரம். பின்னால் மலை. காலையில் கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று. இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது!"

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தரகர்கள் இப்படிச் சொல்வது உண்டு.

கேட்டவுடன் ஆசை பிறக்கிறது. பஸ் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு டெலிவிஷன் சத்தமும் இல்லை. மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுக்கலாம். பேரன் பேத்திகள் வந்தால் ஓடி விளையாடலாம்.

ஆசைப்படுவது தவறா? தவறே இல்லை!

ஆனால், வாழ்நாள் சேமிப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"இந்த இடத்தில் எது நமக்கு வரும்? எது நமக்கு வராது?"

வீட்டை வாங்கலாம். தோப்பை வாங்கலாம். காட்டை வாங்க முடியுமா? மலையை வாங்க முடியுமா? அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஒரு குடும்பம்

ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கணவர், ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர். மனைவி, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள். கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள்.

இருவருக்கும் கிடைத்த பணம் பாங்கியில் இருக்கிறது. அதுதான் அவர்களுடைய முதல். அதுதான் அவர்களுடைய முதுமைக்கும் காவல்.

ஒருநாள் தரகர் வந்தார். இருவரையும் அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார். கல்வீட்டைக் காட்டினார். கையை நீட்டி, நாலு பக்கமும் காட்டினார்.

"அந்தப் புளியமரம் வரைக்கும் நமக்குத்தான் அண்ணாச்சி! நாலு ஏக்கர். முப்பது லட்சம். இன்றைக்கே மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தால் முடித்துவிடலாம். நாளைக்கு மதுரையிலிருந்து வேறு ஆள் வருகிறார்!"

கணவருக்கு மனம் நிறைந்துவிட்டது. தலையை ஆட்டப் போனார்.

மனைவி மெதுவாகச் சொன்னார்: "என்னங்க, ஒரு வாரம் போகட்டும்."

அந்த ஒரு வாரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? அதைத் தெரிந்துகொண்டால் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும்.

காட்டில் பிறந்த ஊர்

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. அடுத்தது ராஜபாளையம். இரண்டும் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. மேற்கே பார்த்தால், சுவர் எழுப்பியதுபோல மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு தல வரலாறு சொல்வார்கள். மல்லி என்ற அரசிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வில்லி. இளையவன் கண்டன். இருவரும் காட்டுக்கு வேட்டைக்குப் போனார்கள். கண்டனைப் புலி கொன்றுவிட்டது. தம்பியைத் தேடி அலைந்த வில்லி, களைத்துப் போய் ஒரு மரத்தடியில் தூங்கினான். கனவில் பெருமாள் தோன்றினார். வில்லி காட்டைத் திருத்தினான், கோயில் கட்டினான், ஊரை உண்டாக்கினான். அவன் பெயரே ஊருக்கு நின்றது.

பெரியாழ்வார் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்ததும் இந்த ஊர் நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில்தான் என்பார்கள்.

காடும் தோட்டமும் இந்த ஊரின் கதையிலேயே இருக்கின்றன!

கதையில் வந்த புலி இன்றும் மலையில் இருக்கிறது. 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது 5-வது புலிகள் காப்பகம். பரப்பளவு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர்.

அதற்கு முன்பே, 1988-ம் ஆண்டில், இங்கே சாம்பல் நிற அணில்களுக்காக ஒரு சரணாலயம் ஏற்பட்டது. அதன் பரப்பளவு சுமார் 485 சதுர கிலோமீட்டர்.

அணிலுக்கு ஒரு சரணாலயமா என்று வியப்பாக இருக்கிறதா? அந்த அணிலைப் பற்றிப் பின்னால் சொல்வோம். விலைக்கு வரும் தோப்புக்கும் அந்த அணிலுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

கல்வீட்டைப் பார்ப்பது எப்படி?

கணவனும் மனைவியும் முதலில் ஒரு வயதான கொத்தனாரை அழைத்துப் போனார்கள். சிமெண்டு வேலை மட்டும் தெரிந்தவர் போதாது. சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பழைய கல்வீடுகளில் சிமெண்டு கிடையாது. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்துக் கட்டினார்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது உண்டு. கனமான கல் சுவர் வெயிலை உடனே உள்ளே விடாது. அதனால்தான் பகலில் வீடு குளுமையாக இருக்கிறது.

கொத்தனார் தூக்குக்குண்டைக் கட்டிச் சுவரைப் பார்த்தார். சுவர் நேராக நிற்கிறதா? வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருக்கிறதா? மேலிருந்து கீழ்வரை வெடிப்பு ஓடுகிறதா?

பிறகு உத்திரங்களைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் கணீரென்று கேட்கும். கறையான் தின்ற மரம் பொத்தென்று கேட்கும். சுவர் ஓரமாக மண் கோடுகள் ஏறியிருந்தால், கறையான் இருக்கிறது என்று பொருள்.

ஓட்டையும் பார்க்க வேண்டும். ஓடு உடைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஓட்டைத் தாங்கும் சட்டம் உளுத்திருந்தால் செலவு பெரிது.

இன்னொரு முக்கியமான விஷயம். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். "அழகாக இருக்கட்டும்" என்று அதன்மேல் சிமெண்டு பூசினால், ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும். சுவர் பொரிந்து உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து!

மலையடிவாரத்து இடத்தை ஒரு முறை பார்த்தால் போதாது. இரண்டு முறை பார்க்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஒரு முறை. அப்போது கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை. அப்போது காட்டாறு எந்த வழியாக வருகிறது, வண்டிப்பாதை தண்ணீரில் மூழ்குகிறதா என்று தெரியும்.

அதுவரை காத்திருக்க முடியாவிட்டால், பக்கத்துத் தோப்பில் வேலை செய்பவர்களைக் கேட்கலாம். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

அங்கே யார் குடியிருக்கிறார்கள்?

பக்கத்துத் தோப்புக்காரரிடம் மனைவி ஒரு கேள்வி கேட்டார்: "இங்கே யானை வருமா ஐயா?"

"வராமல் இருக்குமா அம்மா? மாம்பழக் காலத்தில் வரும். தென்னங்குருத்துக்கு வரும். வந்த வழியே போகும்."

தரகர் இதைச் சொல்லவில்லை!

யானை எங்கோ இருந்து வழிதவறி வருவதில்லை. அதற்கு என்று வழி இருக்கிறது. அந்த வழியில் தோப்பு இருந்தால், யானை தோப்புக்குள் வரும். கள்ளத்தனமாக மின்சாரக் கம்பி கட்டினால் யானையும் சாகும், மனிதனும் சாவான். கட்டியவர் சிறைக்குப் போக நேரும். காட்டை அடுத்த பகுதிகளில் சூரிய மின்வேலி போடுவதற்கும் பதிவும் அனுமதியும் வேண்டும். 2023-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இதற்கென்று விதிகள் கொண்டுவந்தது.

இனி அணிலைப் பார்ப்போம்.

சாம்பல் நிற மலை அணில், நம் வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று கோட்டு அணிலைப் போன்றது அல்ல. அதைவிடப் பல மடங்கு பெரியது. நீண்ட, அடர்ந்த வால். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இது இருக்கிறது.

இது தரைக்கு வருவது அபூர்வம். பிறப்பது மரத்தில். தின்பது மரத்தில். தூங்குவது மரத்தில். இலைகளையும் சுள்ளிகளையும் சேர்த்து உயரத்தில் கூடு கட்டும். கிளைக்குக் கிளை தாவியே ஊர் சுற்றும்.

மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம்தான் இதற்குப் பிடிக்கும். அதுதான் இதற்குச் சாலை. நடுவில் ஒரு பெரிய மரத்தை வெட்டினால், இதற்குப் பாலம் இடிந்தது போல!

ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம், சரணாலயத்தை ஒட்டிய மா, புளியந்தோப்புகளிலும் இந்த அணில் நடமாடுகிறது. பட்டா நிலத்தில் நிற்கும் மரத்திலும் கூடு கட்டும். அதற்குப் பட்டா தெரியுமா? சர்வே நம்பர் தெரியுமா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ம் ஆண்டில் வந்தது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த அணிலும் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. இதைப் பிடிப்பதும் கொல்வதும் சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். "என் தோப்பில்தானே இருந்தது?" என்று சொல்லித் தப்ப முடியாது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாய் என்றால் உயிர். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாய் வேட்டைக்குப் பேர் போனது. காட்டோரத் தோப்பில் அதை அவிழ்த்துவிட்டுத் தூங்கக்கூடாது. காவலுக்கு வைத்த நாய், வழக்குக்கு இழுத்துவிடும்!

சொந்த மரத்தை வெட்டலாமா?

"வாங்கிய பிறகு நாலு மரத்தை வெட்டி விற்றால், பாதி விலை வந்துவிடும் அண்ணாச்சி!" என்றார் தரகர்.

இதை நம்பலாமா?

தமிழ்நாட்டில் காட்டையும் மரத்தையும் காப்பதற்குப் பல சட்டங்கள் இருக்கின்றன.

1949-ம் ஆண்டில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனியாருக்குச் சொந்தமான பெரிய காடுகளை இந்தச் சட்டம் காக்கிறது. தொடர்ச்சியாக 100 ஏக்கருக்கு மேல் உள்ள தனியார் காடு இதில் வரும். அரசாங்கம் அறிவிக்கும் மற்றக் காடுகளும் வரும். அப்படிப்பட்ட காட்டையோ அதில் ஒரு பகுதியையோ முன் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது. அடமானம் வைக்கக்கூடாது. குத்தகைக்கு விடக்கூடாது. மரத்தையும் வெட்டக்கூடாது. பெரிய காட்டைத் துண்டு போட்டு, "உங்களுக்கு இரண்டு ஏக்கர், அவருக்கு மூன்று ஏக்கர்" என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

1955-ம் ஆண்டில் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசாங்கம் அறிவித்த மலைப்பகுதிகளில், பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும்.

1990-ம் ஆண்டில் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் வீட்டுமனை போடவும் கட்டடம் கட்டவும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. வாங்கப் போகும் இடத்தின் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இத்தனை கட்டுப்பாடா?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இவற்றால் நமக்கும் லாபம் இருக்கிறது. ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? அய்யனார் கோயில் ஆற்றிலிருந்து வருகிறது. மலையில் பெய்த மழைதான் 6-வது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, ஊருக்குள் குழாயில் வருகிறது. மரம் போனால் ஆறு போகும். ஆறு போனால் குடம் காலி!

இங்கிலாந்தில் எப்படி?

இந்தக் கதை நம் ஊரில் மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் கார்ன்வால் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடலோரம். அங்கே பழைய கல்வீடுகள் நிறைய உண்டு. சிலவற்றோடு சிறு காடும் சேர்ந்து விலைக்கு வரும். பட்டணத்தில் சம்பாதித்தவர்கள் ஆசையோடு வாங்குவார்கள்.

வாங்கிய பிறகு ஜன்னலை மாற்றலாமா? பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அந்த வீடு இருந்தால், அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது. மாற்றினால் குற்றம்.

மரத்தை வெட்டலாமா? மூன்று மாதத்துக்கு 5 கன மீட்டருக்கு மேல் வெட்ட வேண்டுமானால், பொதுவாக லைசென்சு வாங்க வேண்டும்.

காட்டின் நடுவே பொது ஒற்றையடிப் பாதை போனால், ஊரார் நடந்து போவார்கள். சொந்தக்காரர் தடுக்க முடியாது.

அங்கே கடலோரம், இங்கே மலையோரம். சங்கதி ஒன்றுதான். பணம் கொடுத்தவருக்கு வீடு வரும். அதோடு காவல் வேலையும் சேர்ந்து வரும்!

பத்திரம் என்ன சொல்கிறது?

வீட்டைப் பார்த்தாகிவிட்டது. இனிப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

மனைவி தரகரிடம் கேட்டார்: "மூலப்பத்திரம் எங்கே?"

"எல்லாம் வக்கீலிடம் இருக்கிறது டீச்சரம்மா. முன்பணம் கொடுங்கள், காட்டுகிறேன்."

"காட்டுங்கள், முன்பணம் கொடுக்கிறோம்" என்றார் மனைவி.

மூலப்பத்திரம் என்பது, இந்தச் சொத்து முதலில் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று சொல்லும் பழைய பத்திரம். சங்கிலியில் ஒரு வளையம் விட்டுப்போனாலும் சங்கடம்தான்.

வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகம் கொடுப்பது. சொத்தின் மேல் அடமானம் இருக்கிறதா, வேறு யாருக்காவது விற்றிருக்கிறார்களா என்று அதில் தெரியும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது நல்லது.

பட்டா என்பது வருவாய்த்துறை கொடுப்பது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும்.

புலப்படம் என்பது நிலத்தின் வரைபடம். எல்லை எங்கே முடிகிறது என்று அது காட்டும். காட்டோர நிலத்துக்கு இதுதான் உயிர்நாடி.

இந்தப் பகுதியில் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சேத்தூர் ஜமீன் இருந்தது. 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி, ஜமீன் நிலங்களை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அவற்றில் இருந்த காடுகளும் நீர்நிலைகளும் அரசாங்கத்துக்கு வந்துவிட்டன. ஆகையால், "இது ஜமீன் எழுதிக் கொடுத்த பத்திரம்" என்று யாராவது ஒரு பழைய காகிதத்தைக் காட்டினால் மயங்கக்கூடாது. அதற்குப் பிறகு அரசாங்கம் பட்டா கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோயில் நிலம், பூமிதான நிலம், பஞ்சமி நிலம் ஆகியவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்றால், அந்த விற்பனை செல்லாது.

அக்காள் தங்கை கையெழுத்து

பழைய வீடு என்றால் வாரிசுகள் பலர் இருப்பார்கள். அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது!

பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-ம் ஆண்டிலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அப்போது அது, அதற்கு முன்பு கல்யாணமான பெண்களுக்குக் கிடைக்கவில்லை. 2005-ம் ஆண்டில் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பெண்களுக்கும் அந்த உரிமையைத் தந்தது. 2020-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

ஆகவே, சகோதரிகளை ஒதுக்கிவிட்டு விற்கும் பூர்வீக வீட்டை வாங்கினால், பின்னால் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், எனக்குப் பவர் கொடுத்திருக்கிறார்" என்று ஒருவர் வரலாம். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், சாதாரணமாக அந்தப் பவரும் முடிந்துவிடும். கொடுத்தவர் இருக்கிறாரா என்று நேரில் விசாரிக்க வேண்டும்.

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டால், அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2012-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் இதற்காகச் சட்டத் திருத்தம் வந்தது. வெறும் வெள்ளைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது காவல் ஆகாது.

விலை மட்டும் செலவு அல்ல

பத்திரப் பதிவுக்கும் பணம் வேண்டும். 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, முத்திரைத் தீர்வை முதலியவை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம்.

30 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்!

10 லட்சம் ரூபாய் வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இது 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தது.

இதோடு வீட்டை ரிப்பேர் செய்யும் செலவு. காவலாள் செலவு. மருந்து அடிக்கும் செலவு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் ராஜபாளையத்துக்குப் பேர் வாங்கித் தந்த மாம்பழங்கள். ஆனால் மாமரம் எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்க்காது. "தோப்பு வருமானத்தில் கடனை அடைத்துவிடலாம்" என்று கணக்குப் போட்டு வாங்குவது ஆபத்து.

கற்குவியல் சொன்ன உண்மை

ஒரு வாரம் முடிந்தது.

பட்டா கைக்கு வந்தது. கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு முறை பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

2 ஏக்கர் 60 சென்ட்!

தரகர் காட்டியது 4 ஏக்கர். மீதி 1 ஏக்கர் 40 சென்ட் எங்கே?

சர்வேயரை வைத்து அளந்தார்கள். மேற்குப் பக்கம் புதருக்குள் ஒரு கற்குவியல் இருந்தது. கொடி படர்ந்து, பாசி பிடித்துக் கிடந்தது. வழியில் போகிறவர்கள் அதை யாரோ கொட்டிய கல் என்றுதான் நினைப்பார்கள்.

அது வனத்துறையின் எல்லை அடையாளம்! அதற்கு அப்பால் காப்புக் காடு. தரகர் கை நீட்டிக் காட்டிய பெரிய புளியமரமும் அப்பால்தான் நின்றது.

தரகர் விடவில்லை. "ஐம்பது வருஷமாக அந்தப் புளியை இவர்கள்தான் உலுக்குகிறார்கள் அண்ணாச்சி! அனுபவ பாத்தியதை இருக்கிறது!"

காப்புக் காட்டில் அனுபவித்ததால் மட்டும் உரிமை வந்துவிடாது. ஐம்பது வருஷம் புளி உலுக்கினாலும் மரம் சர்க்கார் மரம்தான். அதை வாங்கி வேலி போட்டிருந்தால், ஆக்கிரமிப்பு வழக்கு அவர்கள்மேல் வந்திருக்கும்.

30 லட்சத்தை 4 ஏக்கருக்கு வகுத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 7 லட்சத்து 50 ஆயிரம். 1 ஏக்கர் 40 சென்ட்டுக்கு 10 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்! யாராலும் விற்க முடியாத நிலத்துக்கு, அவர்கள் கொடுக்க இருந்த பணம் அது. ஒரு ஆசிரியையின் பல வருஷச் சேமிப்பு!

"அன்றைக்கே முன்பணம் கொடுத்திருந்தால்?" என்றார் கணவர். குரல் நடுங்கியது.

மனைவி பதில் சொல்லவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தார்.

வாங்கலாமா, வேண்டாமா?

இதைக் கேட்டுவிட்டு, "மலையடிவாரமே வேண்டாம்" என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

சரியான பட்டா, சரியான அளவு, எல்லா வாரிசுகளின் கையெழுத்து, ஒழுங்கான பாதை, தண்ணீர் உள்ள கிணறு. இவை இருந்தால் தாராளமாக வாங்கலாம். மரங்களைக் காப்பாற்றுகிறவர் கையில் தோப்பு போவது காட்டுக்கும் நல்லதுதான்.

வீட்டை வைத்துக்கொண்டு பெருமைப்படுவதிலும் பல விதம் உண்டு. ராஜபாளையத்தில் பிறந்தவர் பூ.ச. குமாரசாமி ராஜா. 1949-ம் ஆண்டில், தனியார் காடுகள் சட்டம் வந்த அதே ஆண்டில், அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். 1952 வரை ஆட்சியை நடத்தினார். பிறகு ஒரிசாவின் கவர்னராக இருந்தார். அவர் தம்முடைய வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். எல்லோரும் அப்படிக் கொடுக்க முடியாது. ஆனால், நம் கையில் இருப்பது நமக்குப் பின் வருகிறவர்களுக்கும் உரியது என்று நினைக்க எல்லோராலும் முடியும்.

நம் குடும்பம் என்ன செய்தது?

அவர்கள் 2 ஏக்கர் 60 சென்ட்டை மட்டும் பேசினார்கள். அந்த அளவுக்குத்தான் விலை கொடுப்போம் என்றார்கள். விற்பவர் முதலில் முறுக்கிக்கொண்டார். மதுரையிலிருந்து வருவதாகச் சொன்ன ஆள் வரவே இல்லை. பிறகு இறங்கி வந்தார். அவருடைய இரண்டு சகோதரிகளும் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் மனைவி பெயரில் பதிவானது.

பள்ளி விடுமுறைக்கு மகள் குழந்தைகளோடு வந்தாள். கல்வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமரத்தில் இலை சலசலத்தது. சாம்பல் நிறத்தில் பெரிய வால் ஒன்று தொங்கியது.

"தாத்தா! அது நம்ம அணிலா?" என்று கேட்டான் பேரன்.

"மரம்தான் நம்முடையது ராசா. அணில் காட்டுடையது."

அணில் ஒரு தாவு தாவியது. மாமரத்திலிருந்து அடுத்த மரம், அங்கிருந்து அடுத்தது. கற்குவியலைத் தாண்டி, பெரிய புளியமரத்துக்குள் போய் மறைந்துவிட்டது.

"பாட்டி! அந்தப் புளியமரம் யாருடையது?"

"அது எல்லோருடையதும்!" என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியை.